டெக்சஸ் புரட்சிப் பாடமும் நாற்பது சொற்களும்: புதிதாக வந்த பெற்றோருக்கு

அக்டோபர் மாதம் ஹூஸ்டன் பக்கம் குடிவந்தோம். மகளை ஏழாம் வகுப்பில் சேர்த்தோம். கணக்கும் அறிவியலும் கோவையில் படித்ததுதான், சமாளித்துவிடுவாள் என்று இருந்தேன். டெக்சஸ் வரலாறு என்று ஒரு முழு வருடப் பாடம் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. ஜனவரியில் நாற்பது சொற்கள் அச்சடித்த தாள் ஒன்று வீட்டுக்கு வந்தது. ஒவ்வொன்றையும் செல்போன் செயலியில் தட்டி, தமிழில் பொருள் எழுதி, இரண்டு இரவு உட்கார்ந்து மனப்பாடம் செய்யவைத்தேன். வெள்ளிக்கிழமை தேர்வு. நூற்றுக்கு 45.

தாளைப் பார்த்தபோது தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. 'லேபர்' என்றால் உழைப்பு, 'லீக்' என்றால் கூட்டணி, 'கன்சல்டேஷன்' என்றால் ஆலோசனை என்று நான் சொல்லிக்கொடுத்ததை வைத்தே விடைகளைத் தேர்ந்தெடுத்திருந்தாள். மூன்றும் தப்பு. தெரியாத ஸ்பானியச் சொற்களில் அவள் அவ்வளவாகத் தவறவில்லை. எங்களுக்குத் தெரிந்ததாக நினைத்த சொற்கள்தான் காலை வாரிவிட்டன.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நானும் கூடவே படித்தேன். அந்தப் பாடு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். டெக்சஸில் நான்காம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் இந்தப் பாடம் வரும். நான்காம் வகுப்பில் கதை மாதிரி போய்விடும். ஏழாவதில்தான் சொல் பிடித்துக் கேட்பார்கள். கதைச் சுருக்கம் இதுதான்: மெக்சிகோவின் பகுதியாக இருந்த டெக்சஸ் 1835–36இல் சண்டையிட்டுத் தனி நாடானது, 1845இல் அமெரிக்காவில் மாநிலமாகச் சேர்ந்தது.

1. முதலில் மூன்று தாள்களைக் கேட்டு வாங்குங்கள்

பாடம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். மூன்று விஷயம் கேளுங்கள்: அந்த அலகின் சொற்பட்டியல், தேர்வு நாட்கள் குறித்த அட்டவணை, மறுதேர்வு விதி. மூன்றாவதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். குறைந்த மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கு மறுபடி எழுத வாய்ப்புத் தரும் விதி பல பள்ளி மாவட்டங்களில் இருக்கிறது. ஆனால் அதற்கு நாள் கெடு உண்டு. எங்களுக்கு அந்தக் கெடு முடிய இரண்டு நாள் இருந்தபோதுதான் விஷயமே தெரிந்தது.

நான்காவதாக ஒரு தாளும் உண்டு. அதை நீங்கள் ஏற்கெனவே கொடுத்திருப்பீர்கள். பள்ளியில் சேர்க்கும்போது 'வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்' என்று கேட்கும் படிவம் அது. பிள்ளையைத் தனி வகுப்பில் போட்டுவிடுவார்களோ என்று பயந்து, தமிழ் பேசும் வீட்டிலும் 'ஆங்கிலம்' என்று எழுதிவிடுகிறோம். உண்மையை எழுதினால் ஆங்கிலத் திறனைச் சோதிப்பார்கள். தேவை என்று தெரிந்தால், சொல்லுக்குச் சொல் பொருள் தரும் இருமொழி அகராதி போன்ற உதவிகளைப் பற்றிப் பேச வழி பிறக்கும்.

செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நூறு குறிப்பட்டைகள் இரண்டு மூன்று டாலருக்குக் கிடைக்கும். டெக்சஸ் மாநில வரலாற்றுக் கழகத்தின் கலைக்களஞ்சியம் இணையத்தில் இலவசம். நிலப் பதிவு முதல் போர் வரை எந்தச் சொல்லைத் தேடினாலும் கட்டுரை இருக்கிறது. பயிற்சிப் புத்தகம் என்று கடையில் விற்பதற்குக் காசு கொடுக்காதீர்கள். நான் வாங்கிய ஒன்றில் 'லேபர்' என்ற சொல்லே இல்லை.

2. நிலத்துச் சொற்களிலிருந்து தொடங்குங்கள்

பட்டியலை அகர வரிசையில் படிக்கவைக்காதீர்கள். அட்டைக்கு ஒரு சொல்லாக எழுதி, அட்டைகளை நான்கு கட்டாகப் பிரியுங்கள்: நிலம், சட்டம், போர், அரசு. நிலக்கட்டைத்தான் முதலில் எடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் போரைத்தான் ஆர்வமாக நடத்தும். ஆனால் 1820களில் அமெரிக்கக் குடும்பங்கள் மெக்சிகோவின் எல்லைப்புற மாகாணத்துக்கு ஏன் போனார்கள் என்பது நிலத்துச் சொற்களில்தான் இருக்கிறது. அது புரிந்தால் மற்ற மூன்று கட்டும் பாதி படித்த மாதிரி.

'வாரா' என்பது அளவுகோல். டெக்சஸ் கணக்கில் ஒரு வாரா 33⅓ அங்குலம். பக்கத்துக்கு 1,000 வாரா உள்ள சதுரம் ஒரு 'லபோர்', சுமார் 177 ஏக்கர், உழவுக்கு. பக்கத்துக்கு 5,000 வாரா உள்ள சதுரம் ஒரு 'லீக்', சுமார் 4,428 ஏக்கர், மேய்ச்சலுக்கு. ஆக, 25 லபோர் சேர்ந்தால் ஒரு லீக். ஆங்கிலத்தில் 'லேபர்' என்று எழுதியிருந்தாலும் இது ஸ்பானியச் சொல். 'லபோர்' என்று உச்சரிக்கப் பழக்குங்கள், குழப்பம் பாதி தீரும். இந்தச் சதுரங்களைத் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினேன். ஐந்துக்கு ஐந்து கட்டம், அவ்வளவுதான். அதன்பின் அவள் மறக்கவே இல்லை.

அடுத்தது 'எம்ப்ரசாரியோ'. அரசோடு ஒப்பந்தம் போட்டுக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றுபவர். 'தொழிலதிபர்' என்று செயலி சொல்லும், நம்பாதீர்கள். கங்காணி என்று சொல்லிப் பார்த்தேன், அதுவும் பொருந்தவில்லை. கங்காணி ஆள் பிடித்தது இன்னொருவர் தோட்டத்து வேலைக்கு. எம்ப்ரசாரியோ கூட்டிவந்தவர்களோ தாங்களே நில உரிமையாளர் ஆனார்கள். 'குடியேற்ற ஒப்பந்தக்காரர்' என்றே வைத்துக்கொண்டோம். முதல் எம்ப்ரசாரியோ மோசஸ் ஆஸ்டின். அனுமதி கிடைத்த 1821லேயே இறந்துபோனார். வேலையை முடித்தவர் மகன் ஸ்டீபன் ஆஸ்டின். கூடவே வரும் 'ஓல்ட் த்ரீ ஹண்ட்ரட்' என்பது அவர் முதல் ஒப்பந்தத்தில் நிலம் பெற்றவர்களைக் குறிக்கும். எண்ணிப் பார்த்தால் நிலம் பெற்றவர் கணக்கு 297தான். அந்த எண்ணைத் தேர்வில் கேட்க மாட்டார்கள், ஆனால் '300 பேர்' என்று எழுதினால் தப்பு. குடும்பங்களும் அதில் அடக்கம்.

இந்தக் கட்டில் விலையைச் சேர்த்துப் படியுங்கள். அமெரிக்காவில் அப்போது அரசு நிலம் ஏக்கர் 1.25 டாலர். குறைந்தது 80 ஏக்கர் வாங்க வேண்டும், பணம் ரொக்கமாக. மெக்சிகோவின் கோவாவிலா–டெக்சஸ் மாநிலம் 1825இல் போட்ட சட்டப்படி ஒரு குடும்பம் ஒரு லீக் மேய்ச்சல் நிலத்துக்கு மாநிலத்துக்குக் கட்ட வேண்டியது 30 டாலர், அதையும் ஆறு வருடத்துக்குள் கட்டினால் போதும். நில அளவையாளருக்கும் பட்டா எழுதும் ஆணையருக்கும் முத்திரைத்தாளுக்கும் தனிச் செலவு. இந்த இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். "அப்பா, யாராக இருந்தாலும் போவாங்களே!" என்றாள். பாடப்புத்தகம் 'புல் ஃபாக்டர்' (இழுக்கும் காரணம்) என்று ஒரு பக்கம் எழுதியிருந்ததன் பொருள் அதுதான்.

ஆவணங்களும் உண்டு. வருகிறவர் தான் கிறிஸ்தவர், நல்லொழுக்கமுள்ளவர் என்று சொந்த ஊர் அதிகாரியிடம் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். நம் ஊர் நன்னடத்தைச் சான்றிதழ் போல. மெக்சிகோவின் அரசியலமைப்புக்கு உறுதிமொழி எடுக்க வேண்டும். கத்தோலிக்கம்தான் நாட்டு மதம். மகளை 1825இல் ஒரு குடும்பத் தலைவியாக வைத்து விண்ணப்பம் எழுதச் சொன்னேன். எத்தனை லீக், எத்தனை லபோர், யாரிடம் ஒப்பந்தம், என்ன சான்றிதழ், எவ்வளவு கட்டணம். ஒரே பக்கத்தில் பத்துச் சொற்கள் முடிந்தன. இரண்டு வருடம் முன்னால் எங்கள் விசா விண்ணப்பத்தோடு அவள் பட்ட பாடு இதற்கு உதவியது என்று நினைக்கிறேன்.

இந்தக் கட்டில் மிச்சம் இருப்பவை எளிது. 'அல்கால்டே' என்பவர் ஊர்த் தலைவரும் நீதிபதியும் சேர்ந்த பதவி. 'அயுன்டமியென்டோ' ஊர் மன்றம். 'ப்ரெசிடியோ' கோட்டைக் காவல் நிலை. 'மிஷன்' என்பது சமயப் பரப்புக் குடியிருப்பு, பயணமும் இல்லை, செயல்திட்டமும் இல்லை. பிறகு போரில் முற்றுகைக்கு உள்ளான சான் அன்டோனியோவின் ஆலமோவும் முதலில் ஒரு மிஷன்தான்.

3. சட்டத்துச் சொற்கள்: ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி

இங்கே பொருளைவிடத் தேதி முக்கியம். 'கான்ஸ்டிடியூஷன் ஆஃப் 1824' மெக்சிகோவின் அரசியலமைப்பு. டெக்சஸுடையதும் இல்லை, அமெரிக்காவுடையதும் இல்லை. மகளின் வகுப்பில் பாதிப்பேர் தவறிய கேள்வி இது. அந்தச் சாசனம் மாநிலங்களுக்கு அதிகாரம் கொடுத்தது. அதை ஆதரித்தவர் 'ஃபெடரலிஸ்ட்', கூட்டாட்சிக்காரர். அதிகாரம் மெக்சிகோ நகரத்திலேயே குவிய வேண்டும் என்றவர் 'சென்ட்ரலிஸ்ட்'. மாநில சுயாட்சி என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது உடனே பிடிபடும். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லியே விளக்கலாம். ஒரு எச்சரிக்கை: எட்டாம் வகுப்பில் அமெரிக்க வரலாற்றில் இதே 'ஃபெடரலிஸ்ட்' மறுபடி வரும். அங்கே பலமான மத்திய அரசு கேட்டவர்களுக்கு அந்தப் பெயர், கிட்டத்தட்டத் தலைகீழ். அட்டையின் மூலையில் 'மெக்சிகோ' என்று எழுதிவையுங்கள்.

'லா ஆஃப் ஏப்ரல் 6, 1830' என்ற மெக்சிகோ சட்டத்துக்குப் பெயரே தேதிதான். அமெரிக்காவிலிருந்து புதிதாகக் குடியேறுவதை நிறுத்தியது, புதிதாக அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடுத்தது. சுங்கம் வசூலிக்கக் காவற்படைகளும் வந்தன. குடியேற்றத் தடை 1834 மே மாதத்திலிருந்து நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் அனுமதி இல்லாமல் வந்தவர்கள் ஏராளம். அந்தப் பகுதியைப் படித்தபோது வீட்டில் கொஞ்ச நேரம் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது, விடுங்கள்.

'ஸ்டேட்ஹுட்' ஒரு கண்ணிவெடி. பாடத்தில் இரண்டு முறை வருகிறது. 1833இல் கேட்டது கோவாவிலாவிலிருந்து பிரிந்து மெக்சிகோவுக்குள் தனி மாநிலம். 1845இல் கிடைத்தது அமெரிக்காவில் மாநில நிலை. முதலாவதைக் கேட்டு மெக்சிகோ நகரத்துக்கு மனு கொண்டுபோன ஆஸ்டின் 1834 ஜனவரியில் கைதானார். கேள்வியில் ஆண்டைப் பார்த்துவிட்டுத்தான் விடையைத் தொட வேண்டும்.

4. கூட்டங்கள் நான்கு, பிரகடனங்கள் இரண்டு

எங்களுக்கு அதிக மதிப்பெண் போனது இங்கேதான். தமிழில் எல்லாவற்றையும் 'மாநாடு' என்று எழுதிவைத்ததன் பலன்.

கன்வென்ஷன் 1832, கன்வென்ஷன் 1833: இரண்டும் சான் ஃபெலிப்பே என்ற ஊரில் கூடிக் கோரிக்கை வைத்தவை. 'கோரிக்கை மாநாடு' என்று எழுதுங்கள்.

கன்சல்டேஷன், 1835 நவம்பர்: அப்போது சண்டை தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. விடுதலை கேட்பதா, 1824 சாசனத்தை மீட்கப் போராடுவதா என்று விவாதித்தார்கள். உடனடி விடுதலைக்கு எதிராக 33 வாக்கு, ஆதரவாக 14. நவம்பர் 7ஆம் தேதி ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். அதில் 1824 சாசனத்தை ஆதரிப்பதாகத்தான் இருந்தது. இது விடுதலைப் பிரகடனம் அன்று. மருத்துவர் கட்டணம் நினைவுக்கு வராமல் இருக்க நாங்கள் இதற்கு 'கலந்தாய்வு அவை' என்று பெயர் வைத்தோம்.

கன்வென்ஷன் 1836: மார்ச் 1 முதல் 17 வரை, வாஷிங்டன்-ஆன்-த-ப்ராசோஸ் என்ற ஊரில். மார்ச் 2 விடுதலைப் பிரகடனம். கையெழுத்திட்டவர் 59 பேர். அதே கூட்டம் அரசியலமைப்பையும் எழுதியது. இதை 'சாசன மாநாடு' என்று பிரித்தோம். ஊர்ப் பெயரில் வாஷிங்டன் இருப்பதால் அமெரிக்கத் தலைநகரம் என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. இது ப்ராசோஸ் ஆற்றங்கரையில் இருந்த சின்ன ஊர்.

இதோடு இன்னொரு இரட்டைக் குழப்பம்: 'ப்ரொவிஷனல் கவர்ன்மென்ட்', 'ஆட் இன்டெரிம் கவர்ன்மென்ட்'. செயலி இரண்டுக்கும் 'இடைக்கால அரசு' என்றே காட்டுகிறது. முதலாவது 1835 நவம்பரில் கலந்தாய்வு அவை அமைத்தது. ஹென்றி ஸ்மித் ஆளுநர். அவருக்கும் ஆலோசனைக் குழுவுக்கும் ஒத்துப்போகாமல் இரண்டே மாதத்தில் குட்டிச்சுவராகப் போனது. இரண்டாவது 1836 மார்ச்சில் சாசன மாநாடு அமைத்தது. டேவிட் பர்னெட் குடியரசுத் தலைவர், அக்டோபர் வரை. 'ஆளுநர்' என்று வந்தால் ப்ரொவிஷனல், 'பிரசிடென்ட்' என்று வந்தால் ஆட் இன்டெரிம். மெக்சிகோவின் மாநிலமாக இருந்தபோது ஆளுநர், தனி நாடு ஆனபின் தலைவர். இந்தக் காரணத்தைச் சொல்லிக்கொடுத்தால் மனப்பாடம் தேவையில்லை.

5. போர்ச் சொற்களுக்கு ஒரு மாலை போதும்

இந்தக் கட்டு பிள்ளைகளுக்குத் தானாக வரும். முற்றுகைக்கும் சண்டைக்கும் வித்தியாசம் மட்டும் பாருங்கள். ஆலமோவில் முற்றுகை 1836 பிப்ரவரி 23 முதல் 13 நாள், கடைசித் தாக்குதல் மார்ச் 6 விடியற்காலை. கோலியாட் என்ற ஊரில் மார்ச் 27இல் நடந்ததைச் சண்டை என்று எழுதக் கூடாது. சரணடைந்த டெக்சஸ் கைதிகளை மெக்சிகோ படை சுட்டது, அதனால் 'மாசக்கர்', படுகொலை. 'ரன்அவே ஸ்க்ரேப்' என்பதில் ஸ்க்ரேப் சிராய்ப்பு இல்லை. மெக்சிகோ படை வருகிறது என்று குடும்பங்கள் வீட்டைப் போட்டுவிட்டு மழையிலும் சேற்றிலும் கிழக்கே ஓடிய ஓட்டம் அது. 'ட்வின் சிஸ்டர்ஸ்' சகோதரிகள் இல்லை, அமெரிக்காவின் சின்சினாட்டி நகர மக்கள் அனுப்பிய இரண்டு பீரங்கிகள். சான் ஜசின்டோ டெக்சஸ் படை வென்ற கடைசிச் சண்டை: ஏப்ரல் 21, 18 நிமிடம்.

உச்சரிப்பில் ஒன்று. சான் அன்டோனியோ இருக்கும் மாவட்டத்தின் பெயரை எழுத்துக் கூட்டி 'பெக்சார்' என்று படித்து மகள் வகுப்பில் சிரிப்பை வாங்கிக்கொண்டு வந்தாள். உள்ளூரில் ஏறக்குறைய நம் 'பெயர்' மாதிரிதான் சொல்கிறார்கள்.

6. ஒப்பந்தமா, உடன்படிக்கையா

எம்ப்ரசாரியோ போட்டதும் 'ஒப்பந்தம்', போருக்குப் பின் போட்டதும் 'ஒப்பந்தம்' என்று நான் எழுதிவைத்திருந்தேன். முதலாவது காண்ட்ராக்ட், இரண்டாவது ட்ரீட்டி. நாடுகளுக்கிடையே ஆவதை 'உடன்படிக்கை' என்றே எழுதுங்கள்.

வெலாஸ்கோ உடன்படிக்கைகள் என்று பன்மையில் வருவதைக் கவனியுங்கள். சான் ஜசின்டோவில் தோற்றுக் கைதியான மெக்சிகோ தலைவரும் தளபதியுமான சான்டா அன்னாவிடம் 1836 மே 14இல் பர்னெட் அரசு இரண்டு தாள்களில் கையெழுத்து வாங்கியது. வெளிப்படையான தாளில் போர் நிறுத்தம், மெக்சிகோ படை ரியோ கிராண்டேக்கு அப்பால் போவது, கைதிகள் பரிமாற்றம். ரகசியத் தாளில், சான்டா அன்னாவை விடுவித்தால் அவர் ஊருக்குப் போய் டெக்சஸை அங்கீகரிக்க வழி செய்வார் என்பது. எழுதியபடி நடக்கவில்லை. டெக்சஸ் படையினர் அவரைப் போக விடவில்லை. சிறைப்பட்டிருக்கும்போது அவர் ஒத்துக்கொண்டது எதுவும் செல்லாது என்று மெக்சிகோ காங்கிரஸ் சொல்லிவிட்டது. 'ரேடிஃபை' என்ற சொல்லை இந்த இடத்தில் சொல்லிக்கொடுங்கள்: கையெழுத்து வேறு, அவையின் ஒப்புதல் வேறு. கிரயப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யாமல் பீரோவில் வைத்த கதை என்றால் நம் வீட்டில் யாருக்கும் புரியும். 'வெலாஸ்கோ போரை முடித்தது, சரியா தவறா' என்று கேட்டால் தவறு. 1842இல் மெக்சிகோ படை சான் அன்டோனியோவுக்கு இரண்டு முறை வந்து பிடித்துவிட்டுப் போனது.

7. புதிய அரசின் சொற்கள்: பதவிக்காலம், பட்டா, பணம்

'ரிபப்ளிக்' இங்கே தனி நாடு. 1836 முதல் 1846 வரை. டெக்சஸ் மாநிலம், டெக்சஸ் குடியரசு என்று இரண்டையும் பிரித்துச் சொல்லப் பழக்குங்கள். சாசனப்படி முதல் தலைவருக்கு இரண்டு வருடம், பிறகு வருபவர்களுக்கு மூன்று வருடம், அடுத்தடுத்து இரண்டு முறை கூடாது. அதனால்தான் சாம் ஹூஸ்டன், மிராபூ லமார், மறுபடி ஹூஸ்டன், கடைசியில் ஆன்சன் ஜோன்ஸ் என்று வரிசை வருகிறது.

'ஹெட்ரைட்' என்பதற்கு அகராதியில் தேடி அலைய வேண்டாம். ஊர்க் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவோமே, அதைத் திருப்பிப் போட்டால் ஹெட்ரைட். அங்கே தலைக்கட்டுக்குக் காசு வாங்குவார்கள், இங்கே தலைக்கட்டுக்கு நிலம் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் கல்யாணமாகாதவனுக்கு அரை வரி. டெக்சஸ் குடியரசில் தனி ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கோ பாதியோ, வந்த தேதியைப் பொறுத்து:

- முதல் வகுப்பு, 1836 மார்ச் 2க்கு முன் குடியிருந்தவர்: குடும்பத்துக்கு ஒரு லீக்கும் ஒரு லபோரும், அதாவது சுமார் 4,605 ஏக்கர். தனி ஆளுக்கு லீக்கில் மூன்றில் ஒரு பங்கு.
- இரண்டாம் வகுப்பு, அன்று முதல் 1837 அக்டோபர் 1 வரை வந்தவர்: 1,280 ஏக்கர். தனி ஆளுக்கு 640.
- மூன்றாம் வகுப்பு, அதன்பின் 1840 ஜனவரி 1க்குள் வந்தவர்: 640 ஏக்கர். தனி ஆளுக்கு 320.

தேதி தள்ளத் தள்ள நிலம் சுருங்குவதைப் பாருங்கள். நிலக்கட்டு இங்கே மறுபடி உதவுகிறது. முதலில் அதைப் படிக்கச் சொன்னது இதற்காகவும்தான். 'பவுன்டி', 'டொனேஷன்' என்ற இரண்டும் போர்ச் சேவைக்குக் கொடுத்த நிலங்கள். டொனேஷன் என்றதும் கல்லூரி நன்கொடை ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.

ஏன் நிலமாகவே கொடுத்தார்கள்? கையில் காசு இல்லை. அதற்கான சொல் 'ரெட்பேக்': லமார் காலத்தில் அச்சடித்த, பின்பக்கம் சிவப்பான நோட்டு. மதிப்பு சரிந்து, டாலருக்குச் சில சென்ட்டுகள் என்ற நிலைக்குப் போனது. பாம்புப் படம் வரைந்து விடை எழுதிய பையன் ஒருவன் மகளின் வகுப்பில் இருந்தானாம், அவன் உள்ளூர்ப் பிள்ளை என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்.

'ரெகக்னிஷன்' அங்கீகாரம்: அமெரிக்கா 1837 மார்ச்சில், பிரான்ஸ் 1839இல். 'அனெக்சேஷன்' இணைப்பு. 'கையகப்படுத்தல்' என்று எழுதாதீர்கள், டெக்சஸ் தானே கேட்டுச் சேர்ந்தது. தேதியில் கவனம்: 1844இல் இணைப்பு உடன்படிக்கையை அமெரிக்க செனட் தள்ளிவிட்டது. 1845 மார்ச் 1இல் கூட்டுத் தீர்மானத்தில் கையெழுத்தானது. 1845 டிசம்பர் 29இல் மாநிலமானது. 1846 பிப்ரவரி 19இல் ஆன்சன் ஜோன்ஸ் ஆட்சியை ஒப்படைத்தார். 'எப்போது மாநிலமானது' என்றால் டிசம்பர் 29, 'குடியரசு எப்போது முடிந்தது' என்றால் பெரும்பாலும் பிப்ரவரி 19 எதிர்பார்ப்பார்கள். சந்தேகம் என்றால் ஆசிரியரிடமே கேட்டுவிடுங்கள்.

8. மனிதர்களைக் குறிக்கும் சொற்களை மழுப்பாதீர்கள்

'டெக்சியன்' அந்தக் காலத்து டெக்சஸ்வாசி, குறிப்பாக அமெரிக்காவிலிருந்து வந்தவர். 'தெஹானோ' டெக்சஸிலேயே வேர்விட்ட மெக்சிகோ வம்சத்தவர். 'தெஹானோ என்றால் எதிரி' என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 59 பேரில் டெக்சஸில் பிறந்தவர் இரண்டே பேர், ஹோசே அன்டோனியோ நவாரோ, ஹோசே ஃப்ரான்சிஸ்கோ ரூயிஸ். இருவரும் தெஹானோ. ஹுவான் செகீன் ஆலமோவிலிருந்து தூதனாக வெளியே அனுப்பப்பட்டார், சான் ஜசின்டோவில் டெக்சஸ் பக்கம் சண்டையிட்டார். 1842இல் அதே டெக்சஸிலிருந்து மெக்சிகோவுக்கு ஓட வேண்டிவந்தது.

அடிமைமுறையைக் குறிக்கும் சொற்கள் பட்டியலில் ஒன்றிரண்டுதான் இருக்கும். 'இன்டென்ச்சர்டு சர்வன்ட்' என்று வந்தால் நிறுத்திப் படியுங்கள். மெக்சிகோ சட்டத்தைச் சுற்றிப்போக, அடிமைகளிடம் வாழ்நாளைத் தாண்டும் ஆண்டுகளுக்கு 'வேலை ஒப்பந்தம்' எழுதிவாங்கி அழைத்துவந்தார்கள். 1825இல் ஆஸ்டின் குடியேற்றத்தில் சுமார் 1,800 பேரில் 443 பேர் அடிமைகள். குடியரசின் சாசனம் அடிமைகளை விடுவிக்கும் அதிகாரத்தைக் காங்கிரசுக்குத் தரவில்லை. ஆப்பிரிக்க வம்சத்தவரையும் பூர்வகுடிகளையும் குடிமக்கள் கணக்கிலிருந்தே நீக்கியது. மேலே சொன்ன தலைக்கட்டு நிலமும் அவர்களுக்கு இல்லை. 'லிபர்ட்டி' என்ற சொல்லுக்கு மகள் அட்டையின் பின்பக்கம் பொருள் எழுதியபோது, 'யாருக்கு' என்று ஒரு கேள்வியையும் சேர்த்து எழுதினாள். அதை நான் அழிக்கவில்லை. நீள்விடையில் அதையே எழுதி முழு மதிப்பெண் வாங்கினாள்.

9. நாள் கணக்கு

எங்கள் பள்ளி மாவட்டத்தில் மெக்சிகோ கால டெக்சஸ் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன், புரட்சி ஜனவரி–பிப்ரவரி, குடியரசு மார்ச். உங்கள் ஊரில் முன்பின் இருக்கலாம். இரண்டு வாரம் கையில் இருந்தால் நிலத்துக்கு ஐந்து நாள், சட்டத்துக்கும் கூட்டங்களுக்கும் நான்கு, போருக்கு ஒன்று, அரசுக்கு மூன்று, கடைசி நாள் எல்லா அட்டைகளையும் கலைத்துப் போட்டுக் கால வரிசையில் அடுக்குவது. பொருள் கேட்காதீர்கள், அடுக்கச் சொல்லுங்கள். அடுக்கத் தெரிந்தால் பொருள் தெரிந்ததாகத்தான் அர்த்தம்.

ஏழாம் வகுப்பில் சமூக அறிவியலுக்கு மாநில 'ஸ்டார்' தேர்வு இப்போது இல்லை, எட்டாவதில்தான். ஆகவே ஒரு தேர்வு சொதப்பினால் வீட்டில் பெரிய ரகளை வேண்டாம்.

நேரில் பார்க்க ஆசைப்பட்டால், ஹூஸ்டன்காரர்களுக்கு சான் ஜசின்டோ களம் பக்கத்திலேயே இருக்கிறது. மைதானத்தைச் சுற்றிப் பார்க்கக் காசு இல்லை, கோபுரத்தின் மேலே போகக் கட்டணம் உண்டு. ஆலமோ தேவாலயத்துக்குள் நுழைவு இலவசம், ஆனால் நேரத்தை இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். நாங்கள் மார்ச் விடுமுறையில் மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போய், பதிவு செய்யாததால் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். வண்டி நிறுத்தக் கொடுத்த பணம் மட்டும் மிச்சமில்லாமல் போனது. கிளம்புவதற்கு முந்தின வாரமே பதிவைப் போட்டுவிடுங்கள்.